ஏகாம்பரம் போட்ட நட்டு

பாக்கியக்கா வீட்டுப் பின்கட்டில், கோழிக்கூண்டுக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே, மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் முன்னால் நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கையில் ஸ்பேனர். உச்சி வேளை. மழை விட்டு லேசாகத் தூறிக்கொண்டிருக்கிறது. தெருவில் ஈ காக்கை இல்லை. எல்லாரும் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள்.

குழாயில் ஒரு நட்டு. அதன் மேல் சிவப்புப் பெயிண்ட். ஸ்பேனரைக் கொடுத்து அழுத்தினேன், அசையவில்லை. இரண்டாம் தடவை உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தியதும் ‘கிர்’ரென்று ஒரு சத்தம் வந்தது. பெயிண்ட் வெடித்தது. கூண்டுக்குள்ளிருந்த கோழி ஒன்று கழுத்தைச் சாய்த்து என்னையே பார்த்தது.

என் கல்யாணத்தன்று கட்டியிருந்த புடவையின் நிறம்கூட எனக்கு மறந்துபோய்விட்டது. அந்தக் கோழி பார்த்த பார்வை மறக்கவில்லை.

அரக்கோணத்திலிருந்து ஒரு கடிதம்

சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் கொஞ்சம் பீற்றிக்கொண்டேன். கடம்பத்தூரில் என் கை படாத டேபிள் ஃபேன் இல்லை, அயர்ன் பாக்ஸ் இல்லை, ஒரு பெண்பிள்ளை அந்தக் காலத்திலேயே ஸ்க்ரூ டிரைவர் பிடித்தாள் என்றெல்லாம் எழுதினேன். பலர் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். அரக்கோணத்து வாசகர் ஒருவர் மட்டும் பாராட்டவில்லை.

“அம்மா, உங்களிடம் லைசென்ஸ் இருந்ததா? லைசென்ஸ் இல்லாதவர் கரண்டு சாமான்களை ரிப்பேர் செய்வது சட்டப்படி சரியா? அது பாதுகாப்பானதா?” என்று மூன்றே வரி எழுதியிருந்தார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இந்த வயதில் என்னை விசாரிக்க இவர் யார் என்று ஒரு கார்டில் காரசாரமாக எழுதினேன். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது, கோபம் அவர் மேல் இல்லை என்று தெரிந்தது. கார்டைக் கிழித்துப் போட்டேன். ஐயா, முதல் கேள்விக்குப் பதில், இல்லை. மற்ற இரண்டுக்கும் பதில் சொல்ல எனக்கு இந்த வாரம் முழுப் பக்கமும் வேண்டும்.

அரைகுறை வித்தை

அறுபதுகளின் கடைசியில் அம்பத்தூரில் ஒரு ஃபேன் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. காயில் சுற்றுகிற வேலை. தலைமயிர் கனத்துக்குச் செப்புக்கம்பி. ஆண்கள் இழுத்தால் அறுந்துபோகும் என்று பெண்களாகப் பார்த்து எடுத்தார்கள். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கேட்மேன். அவர் பச்சைக்கொடி காட்ட, அந்த வண்டியிலேயே நான் வேலைக்குப் போவேன். எங்கள் தெருவில் அது ரொம்ப நாள் வேடிக்கைப் பேச்சாக இருந்தது.

கரி வண்டி அது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும். பெண்கள் பெட்டியில்தான் என் ரிப்பேர் தொழில் தொடங்கியது. திருநின்றவூரில் ஏறுகிற அம்மாள் ஒருத்தி, சுற்றாத டேபிள் ஃபேனைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வருவாள். பிள்ளை என்று நினைத்து ஒருத்தி இடம்கூடக் கொடுத்தாள். “சரோஜா, நீ ஃபேன் கம்பெனிதானே, இத்தப் பாரேன்” என்று என் மடிக்கு மாற்றினாள். பார்த்தேன். சுற்றியது. அவ்வளவுதான், பேர் பரவிவிட்டது.

இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். கம்பெனியில் எனக்குத் தெரிந்தது காயில் ஒன்றுதான். கரண்டு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, மூன்றாவது ஒயர் எதற்கு என்று யாரும் சொல்லித்தரவில்லை, நானும் கேட்கவில்லை. தெரியாது என்று சொல்வதற்கு எனக்கு அப்போது வாய் வராது.

பொட்டு வைக்கிறவர்

எங்கள் பக்கத்தில் லைசென்ஸ் வைத்திருந்த ஒயர்மேன் ஒருவர்தான். ஏகாம்பரம். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். சைக்கிளில் மூங்கில் ஏணியைச் சாய்த்துக் கட்டிக்கொண்டு, பெல் அடிக்காமல் “ஓரம், ஓரம்” என்று கத்திக்கொண்டே போவார். அவருடைய லைசென்ஸ் கண்ணாடிச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும். ஆயுத பூஜைக்கு அதற்கும் கற்பூரம் காட்டுவார்.

அவரிடம் ஒரு பழக்கம். எந்த வீட்டில் வேலை செய்தாலும், முடுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் குச்சியால் ஒரு சொட்டு சிவப்புப் பெயிண்ட் வைப்பார். “நட்டுக்குப் பொட்டு வச்சாச்சு. இனிமே எவனாவது கை வச்சான்னா எனக்குத் தெரிஞ்சிடும்” என்பார்.

என்னைக் கண்டால் கேலி. “இன்னாம்மா சரோஜா, லைசென்ஸ் இல்லாம கரண்டத் தொட்டுகினு கீறியே, மாட்டினா கம்பி எண்ணணும் தெரியுமா? பொம்பள ஜெயிலு வேலூர்ல கீது. நாஷ்டாவுக்குக் களி குடுப்பான்.”

நானும் சிரித்துக்கொண்டே, “நீ வந்து பாப்பியாண்ணா?” என்பேன். அவர் விளையாட்டுக்குச் சொன்னார். நான் அதை நிஜமென்றே நம்பியிருந்தேன்.

என் கண்டுபிடிப்பு

அப்போது வீடுகளுக்கு அயர்ன் பாக்ஸ் வர ஆரம்பித்த நேரம். வாங்கி ஒரு வருஷம் ஆனதும் எல்லாரும் ஒரே குறையோடு வருவார்கள். “சொருகினாலே பியூஸ் போயிடுதுக்கா. ஒரே பேஜாரு.”

உள்ளே சூடேறுகிற எலிமெண்டைச் சுற்றியிருக்கும், கரண்டைத் தடுக்கும் மைக்கா தகடு உதிர்ந்துபோய், கரண்டு இரும்பு உடம்பில் கசியும். உடம்போடு சேர்த்திருக்கும் பச்சை ஒயர் அந்தக் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும். அதனால் ஃபியூஸ் போகும். உயிர் போவதற்குப் பதிலாக ஃபியூஸ் போகட்டும் என்றுதான் அந்த ஏற்பாடே. இதெல்லாம் இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒருநாள் தற்செயலாகப் பச்சை ஒயர் கழன்றிருந்த பெட்டியைச் சொருகினேன், ஃபியூஸ் போகவில்லை, பெட்டியும் சூடாயிற்று என்பதுதான்.

கம்பெனியில் யாரும் கண்டுபிடிக்காததை நான் கண்டுபிடித்துவிட்டதாகப் பூரித்துப்போனேன். புது எலிமெண்ட் வாங்க மெட்ராஸ் போக வேண்டும். பச்சை ஒயரை நறுக்க ஒரு நிமிஷம் போதும். நறுக்கி, நுனியை அழகாக டேப் சுற்றி உள்ளே மடித்து வைத்துவிடுவேன். எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலுமாக ஒன்பது பெட்டிகள். “சரோஜா கை வச்சா பியூஸ் போவாது” என்று ஊரே பேசியது.

சிலர் திரும்பி வந்து, “தொட்டா லேசா சுர்ருங்குதுக்கா” என்றார்கள்.

“செருப்பு போட்டுகினு தேய்யி, ஒண்ணும் ஆவாது” என்றேன்.

இதை எழுதும்போது என் கை கூசுகிறது. சுர்ரென்கிறது என்று சொன்னபோதாவது நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பேர் வாங்கியவளுக்கு யோசிக்க நேரமில்லை.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை

பாக்கியக்கா எங்கள் எதிர்வீடு. புருஷன் இல்லை. ஒரே மகள், அவளையும் பொன்னேரிப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று. தையல்தான் சோறு போட்டது. ரவிக்கை தைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. தைத்ததைத் தேய்த்து மடித்துக் கொடுப்பாள், அதற்காகவே அயர்ன் பாக்ஸ் வாங்கியிருந்தாள். அந்த வீட்டுக்கு ஒயரிங் செய்தவர் ஏகாம்பரம். மூன்று கண் ப்ளக் வைத்து, பின்கட்டில் உப்பும் கரியும் போட்டு எர்த் குழாய் புதைத்து, வேலையை முழுசாகச் செய்திருந்தார். கெடுத்தவள் நான். அவளுடைய பெட்டிக்கும் பச்சை ஒயரை நறுக்கியிருந்தேன். அவளுக்கும் அதே செருப்பு உபதேசம்தான்.

அன்று காலையிலிருந்து மழை. அவள் வீட்டுக் கூடம் முழுக்கத் தீபாவளித் துணி. ஊரார் வீட்டுப் புதுத்துணி அடுக்கியிருக்கிற இடத்தில் எந்தப் பெண்பிள்ளை செருப்புக் காலோடு நிற்பாள்? என் வீட்டில் நான் நிற்பேனா? வாசலில் கழற்றிவிட்டு, சாரல் அடித்து நனைந்திருந்த சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்று தேய்த்திருக்கிறாள்.

அலறல் கேட்டு ஓடினேன். பெட்டி கையோடு ஒட்டிக்கொண்டிருக்க, அவள் சுவரோரம் விழுந்து துடித்துக்கொண்டிருந்தாள். மெயின் ஸ்விட்ச் எங்கே என்று எனக்குத் தெரியும். இழுத்து அணைத்தேன். கை விடுபட்டது. உள்ளங்கையும் இரண்டு விரலும் வெந்துபோயிருந்தன. மூச்சு இருந்தது.

செங்கல் லாரி ஒன்றை நிறுத்தி ஏற்றினார்கள். “சரோஜா மட்டும் இல்லன்னா பாக்கியம் போய்ச் சேந்திருப்பா” என்று தெருவே என் கையைப் பிடித்துக்கொண்டது. யாரோ ஒருத்தி பாக்கியக்கா வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்து, “ஊட்டப் பாத்துக்கோ, துணிங்க அல்லாம் கீது” என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிக்கொண்டாள். மின்சார ஆபீசிலிருந்து ஆள் வருவார்கள், எதையும் தொடாதே என்றும் ஒருவர் சொன்னார்.

சாவி என் கையில். வேலூர் ஜெயில் என் மண்டையில்.

மறுபடியும் பின்கட்டு

என் ரிப்பேர் சாமான் பையோடு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். பெட்டியைத் திறந்து, டேப்பைப் பிரித்து, மடித்து வைத்திருந்த பச்சை ஒயரை அதன் இடத்தில் திரும்பவும் முடுக்கினேன். என் பங்குக் குற்றம் இல்லாமல் போய்விட்டது என்று நினைத்தேன். சரிபார்க்கிற புத்தி வேறு. மெயினைப் போட்டுப் பெட்டியைச் சொருகினேன். பட்டென்று ஃபியூஸ் போயிற்று.

அப்போதுதான் உறைத்தது. பச்சை ஒயர் இருந்தால் ஃபியூஸ் போயிருக்க வேண்டும், ஷாக் அடித்திருக்காது. வருகிற அதிகாரியும் சொருகிப் பார்ப்பார். ஃபியூஸ் போகும். அப்புறம் எப்படி ஷாக் அடித்தது என்று கேட்பார். பெட்டியைக் கடைசியாகத் திறந்தது யார் என்று கேட்பார்.

ஃபியூஸ் கட்டையில் புதுக் கம்பி போட்டேன். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன்.

குழாயோடு எர்த் கம்பியைப் பிடித்திருந்த நட்டை இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். கம்பி தொளதொளவென்று ஆடியது. இனி பெட்டியில் பச்சை ஒயர் இருந்தாலும் கரண்டு மண்ணுக்கு இறங்காது, ஃபியூஸும் போகாது. வெடித்த பெயிண்டின் மேல் ஈர மண்ணைக் குழைத்துப் பூசினேன். துவைக்கிற கல்லில் கையைக் கழுவினேன். எல்லாம் சேர்த்து ஒரு ரவிக்கைக்குப் பொத்தான் கட்டுகிற நேரம்கூட ஆகியிருக்காது.

பயத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பயந்தவள் கை நடுங்கும். என் கை நடுங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

மறுநாள் காலை

அதிகாரி வந்தார். ஏகாம்பரத்தையும் அழைத்துவந்திருந்தார். தெரு முழுக்கக் கூட்டம்.

“இந்தப் பொட்டிய ரிப்பேர் பண்ணது நீங்களாம்மா?” என்று என்னைக் கேட்டார்.

“ஆமா சார். ஒயரு இத்துப்போயிருந்திச்சு, மாத்திக் குடுத்தேன். தொறந்து பாருங்க, மூணு ஒயரும் கீது” என்றேன்.

திறந்தார். மூன்றும் இருந்தன. தலையாட்டிவிட்டு வைத்துவிட்டார். லைசென்ஸ் இருக்கிறதா என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை, தப்பித்தோம் என்றுதான் தோன்றியது.

ஒரு பல்பில் இரண்டு ஒயர் கட்டி ப்ளக்கில் வைத்துப் பார்த்தார். எர்த் கண்ணில் வைத்தபோது பல்பு எரியவில்லை. நேரே பின்கட்டுக்குப் போய்க் கம்பியைத் தொட்டார். ஆடியது.

“இது யாரு வேலை?”

“என்னுதுதான் சார்” என்றார் ஏகாம்பரம். குனிந்து, நட்டின் மேலிருந்த மண்ணைக் கட்டைவிரலால் துடைத்தார். பெயிண்ட் இரண்டாகப் பிளந்திருந்தது, பிளந்த இடத்தில் இரும்பு பளிச்சென்று இருந்தது. அதைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கூட்டத்தில் நின்ற என்னைப் பார்த்தார். அந்தத் தெருவில் ஸ்பேனர் இருந்தது இரண்டே வீட்டில்.

நான் தரையைப் பார்த்தேன்.

“இன்னாய்யா, நட்டு முடுக்காம வுட்டுட்டியா?” என்றார் அதிகாரி.

ஏகாம்பரம் கட்டைவிரலில் ஒட்டிய மண்ணைத் துண்டால் நிதானமாகத் துடைத்தார். பிறகு, “எழுதிக்குங்க சார்” என்றார். நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

அவருடைய லைசென்ஸ் போயிற்று. கண்ணாடிச் சட்டம் மட்டும் முருகன் படத்துக்குப் பக்கத்தில் காலியாகக் கொஞ்ச நாள் தொங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பாக்கியக்கா, கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி அவர் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். “ஒரு நட்ட முடுக்கத் துப்பு இல்ல, உனுக்கு இன்னாத்துக்குடா லைசென்ஸு?” என்று கத்தினாள். நான் அவளைத் தோளோடு அணைத்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஆமாம், நான்தான் அழைத்து வந்தேன்.

அதற்கப்புறம் ஒன்று செய்தேன். மற்ற எட்டு வீடுகளுக்கும் போய், ஏதோ சாக்குச் சொல்லி, பெட்டிகளை வாங்கிப் பச்சை ஒயரைச் சேர்த்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வீடு ஃபியூஸ் போக ஆரம்பித்தது. “நல்லா இருந்தத நோண்டிக் கெடுத்துட்டா” என்று ஏசினார்கள். ஏன் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. ரிப்பேர் வேலையை அத்தோடு விட்டேன்.

கும்மிடிப்பூண்டி

சில வருஷங்கள் கழித்துக் கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வந்தன. மோட்டார் கம்பெனி ஒன்றில் காயில் சுற்ற ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பாதி கட்டிய ஷெட்டுக்கு வெளியே, கனத்த கேபிளைத் தோளில் சுமந்துகொண்டு நான்கு பேர் வரிசையாகப் போனார்கள். கடைசி ஆள் ஏகாம்பரம். ஒரு கான்ட்ராக்டரிடம் எடுபிடியாக இருந்தார். தலை நரைத்திருந்தது.

“இன்னாம்மா சரோஜா” என்று அவரே கூப்பிட்டார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். ஊர் நிலவரம் கேட்டார்.

“அண்ணே, பாக்கியக்கா ஊட்டு நட்டு…”

“தெரியும்.”

“ஜெயில்ல போட்டுடுவாங்கன்னு பயந்துட்டேண்ணா. எனுக்கு லைசென்ஸ் இல்லியே.”

அவர் கிளாசைக் கீழே வைத்தார். “சாமான் ரிப்பேருக்கு எதுக்கும்மா லைசென்ஸு? செவுத்துல ஒயர் இழுத்தா, மெயின்ல கை வச்சா, அதுக்குத்தான் கேப்பான். ஃபேனு, பொட்டி அல்லாம் யாரு வேணாலும் ரிப்பேர் பண்ணலாம், ரூல்ல ஒண்ணியும் இல்ல. நான் சும்மா தமாசுக்குச் சொல்லிகினு இருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

ஐயா, உங்கள் இரண்டாம் கேள்விக்கு அவர் சொன்னதுதான் என் பதில். அது அந்தக் காலத்துச் சங்கதி. இப்போது என்ன விதி என்று தெரிந்தவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பெட்டியைத் திறந்தது குற்றமில்லை. நட்டைத் தளர்த்தினேனே, அது குற்றம். பாதுகாப்பா என்று கேட்டீர்கள். பாக்கியக்காவின் அந்த இரண்டு விரலும் கடைசிவரை மடங்கவில்லை.

“நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாமேண்ணா, பெயிண்ட் ஒடைஞ்சிருந்திச்சே” என்றேன். கேட்கிற லட்சணத்தைப் பாருங்கள்.

“நீயே சொல்லுவேன்னு நின்னுகினு இருந்தேன்” என்றார். “கொஞ்ச நேரம் பாத்தேன். நீ வாயே தொறக்கல. அவுரு காயிதத்த நீட்டுனாரு, போட்டுட்டேன்.”

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து, துண்டைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டார். “பாக்கியத்தாண்ட சொல்ட்டியா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? மொதல்ல அங்க போ” என்று சொல்லிவிட்டுக் கேபிளைத் தூக்கப் போய்விட்டார்.

அளவு

வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்துக்குள் நான் நுழையவே இல்லை. பஸ், ரயில் மாறிக் கடம்பத்தூரில் இறங்கி, என் வீட்டுக்குக்கூடப் போகாமல், நேரே பாக்கியக்கா வாசலில் போய் நின்றேன். வழியெல்லாம் சொல்ல வேண்டிய வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்திருந்தேன்.

அவள் கரிப்பெட்டியால் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். கரண்டுப் பெட்டியை அப்புறம் அவள் தொடவே இல்லை.

“வாடி சரோஜா. எங்க போய்ட்டு வர்ற, மொகம் அல்லாம் வாடிப்போய் கீது? நல்ல சமயத்துல வந்தே. ஒரு துணி மிச்சம் கீது, உனுக்கு ஒரு ஜாக்கெட் தெச்சுத் தரணும்னு எவ்ளோ நாளா நெனச்சுகினு கீறேன். நில்லு, அளவு எடுக்கறேன்.”

“அக்கா, ஒரு விஷயம் சொல்லணும்…”

“அப்பறம் சொல்லு. கையத் தூக்கு.”

தூக்கினேன். இஞ்ச் டேப்பின் நுனியை, மடங்காத இரண்டு விரல்களுக்கு நடுவில் செருகி, என் தோளில் அழுத்திப் பிடித்தாள். விரல்கள் மரக்கட்டைபோல இருந்தன.

“அன்னிக்கு நீ மெயின அணைக்கலன்னா நான் இன்னிக்கு இல்ல” என்றாள். “அத்த மறந்துடுவனா? சரி, இன்னாவோ சொல்லணும்னியே, இன்னா?”

அவள் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

“கை மட்டும் கொஞ்சம் லூசா இருக்கட்டும்க்கா” என்றேன்.